கெட்ட கிருமியைக் கொன்றுவிட்டால் குடல் ஆறிவிடுமா, டாக்டரம்மா?

வாசகி கேள்வி:

டாக்டரம்மா, எனக்கு வயது 34. பாம்பன் பக்கம் ஊர், கடல்பாசி எடுக்கிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சளியும் ரத்தமுமாக வெளிக்குப் போனது. மூலம் என்று சொல்லி எட்டு மாசம் நாட்டு மருந்து சாப்பிட்டேன், கேட்கவில்லை. அப்புறம் மதுரையில் டியூப் விட்டுப் பார்த்து, சதை எடுத்து டெஸ்ட் செய்து, பெருங்குடலில் இடது பக்கம் அல்சரேடிவ் கோலைடிஸ், அதாவது குடல் சுவரில் புண், என்றார்கள். சல்ஃபாசலசின் மாத்திரை தினமும் நாலு, கூடவே ஃபோலிக் ஆசிட். ஒன்றரை வருஷம் நல்லா இருந்தேன். நாலு மாசத்துக்கு முன்னால் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். இந்த நோய்க்குக் குடலில் இருக்கிற கெட்ட பாக்டீரியாதான் காரணம், நல்ல பாக்டீரியா பவுடர் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்றார்கள். மாசம் 2,800 ரூபாய்க்கு அந்தப் பவுடரை வாங்கிச் சாப்பிட்டேன், மாத்திரையை விட்டுவிட்டேன். இப்போது மூன்று வாரமாக நாளைக்கு அஞ்சு தடவை ரத்தத்தோடு போகிறது. மாமியார் சீதபேதி என்று சொல்லி மெடிக்கலில் இரண்டு தடவை மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். கிருமிதான் காரணம் என்றால் ஒரேயடியாக ஆன்டிபயாடிக் போட்டு அழித்துவிட முடியாதா? பவுடரைத் தொடரலாமா? பழைய சோறு நல்லதென்கிறார்கள், சாப்பிடலாமா? அடுத்தவர் மலத்தை நம் குடலில் வைக்கிற வைத்தியம் இருக்கிறதாமே, நிஜமா? என் மகளுக்கு ஒன்பது வயது, என் தட்டில்தான் சாப்பிடுவாள். அவளுக்கு ஒட்டிவிடுமா?

பதில்:

தங்கச்சி, உங்கள் கேள்விகள் எல்லாம் கடைசியில் இருக்கின்றன, ஆனால் நடுவில் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மூன்று வாரமாக, நாளைக்கு ஐந்து தடவை, ரத்தத்தோடு. கிருமியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசிவிடுவோம். இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். மதுரை தூரம் என்றால் முதலில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கே போங்கள், டியூப் விட்டுப் பார்த்த பழைய கொலனோஸ்கோபி ரிப்போர்ட், சதை எடுத்துப் பார்த்த பயாப்சி ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு. அதற்குள் ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தம் போய், கூடவே காய்ச்சல் அடித்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிஷத்துக்கு 90-ஐத் தாண்டினாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, வயிறு உப்பி வலித்தாலோ, விடியட்டும் என்று இருக்க வேண்டாம், அன்று ராத்திரியே போய்ச் சேருங்கள். தடவை, காய்ச்சல், நாடி என்ற இந்தக் கணக்கு நானாகச் சொல்வதில்லை. ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் 1955-ல் வகுத்தது, இன்றைக்கும் வார்டில் நாங்கள் அதைத்தான் பார்க்கிறோம்.

அங்கே போனதும் மலத்தைக் கட்டாயம் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அமீபா இருக்கிறதா, டிஃபிசில் என்கிற ஒரு கிருமியின் நச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டு தடவை மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள், தெரியவில்லை என்றால் அந்த அட்டையையே கொண்டு போங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சரி, இப்போது கிருமிக்கு வருவோம்.

அந்த வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை, அதுதான் சங்கடமே. இந்த நோயில் குடல் பாக்டீரியாவுக்கு நிச்சயம் பங்கு இருக்கிறது. ஒரு மனுஷ உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், நம் உடம்பின் சொந்த உயிரணுக்களைவிடக் கொஞ்சம் அதிகம், எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் கால் கிலோகூட வராது. அதில் பெரும்பங்கு குடியிருப்பது பெருங்குடலில். 1990-களில் எலிகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை இருக்கிறது. அழற்சியை, அதாவது உள்ளே வீங்கிப் புண்ணாவதை, அடக்கி வைக்கிற ஒரு ஜீனை எடுத்துவிட்ட எலிகள் அவை. சாதாரணக் கூண்டில் வளர்ந்தவற்றுக்குக் குடல் அழற்சி வந்தது. அதே எலிகளை ஒரு பாக்டீரியாகூட இல்லாத, அடைத்த கூண்டில் பிறக்க வைத்து வளர்த்தபோது நோய் வரவே இல்லை. மனிதரிலும் கிட்டத்தட்ட இதே விஷயத்தைப் பார்த்தார்கள். உங்கள் நோய்க்கு அண்ணன் தம்பி மாதிரி கிரோன் நோய் என்று ஒன்று உண்டு, 1932-ல் நியூயார்க்கில் மூன்று மருத்துவர்கள் எழுதி வெளிவந்தது, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகமாக வரும். கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி இணைத்தால், இணைத்த இடத்திலேயே அது திரும்பி வரும். பெல்ஜியத்தில், வெட்டி இணைத்த பிறகு மலம் அந்த வழியாகப் போகாமல் கொஞ்ச காலம் வயிற்றுத் தோல் வழியாக வெளியே திருப்பிவிட்டார்கள். திருப்பிவிட்டிருந்த வரைக்கும் இணைத்த இடத்தில் நோய் வரவில்லை. அப்புறம் அந்த நோயாளியின் சொந்தக் குடல் கழிவையே எடுத்து அந்த இடத்துக்குள் செலுத்திப் பார்த்தார்கள், ஒரு வாரம் பத்து நாளில் அழற்சி கிளம்பிவிட்டது.

அதனால் பாக்டீரியா இல்லாமல் இந்த நோய் இல்லை. ஆனால் காலராவுக்கு ஒரு கிருமி, டைஃபாய்டுக்கு ஒரு கிருமி என்று கைகாட்டுகிற மாதிரி, இதற்கு இதுதான் கிருமி என்று ஒன்றும் கிடையாது. எத்தனையோ வருஷமாகத் தேடியும் ஒற்றைக் குற்றவாளி அகப்படவில்லை. அகப்படாததற்குக் காரணம், இது வெளியிலிருந்து வந்த ஒரு கிருமி செய்கிற வேலை இல்லை என்பதுதான். உங்கள் உள்ளேயே பிறந்ததிலிருந்து குடியிருக்கிற, பெரும்பாலும் சாதுவான பாக்டீரியாவைப் பார்த்து, உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரி வந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு அடிக்கிறது. அடி விழுவது குடல் சுவரில். அந்தக் காயத்திலிருந்து வருவதுதான் நீங்கள் பார்க்கிற ரத்தமும் சளியும்.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி வளர்க்கிறார்களே, வெளிநாட்டிலிருந்து வந்த பாசி, அது தெப்பத்தில் இருக்கிற வரைக்கும் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது. அதே பாசி குருசடைத் தீவுப் பக்கம் உயிரோடு இருந்த பவளத்தின் மேல் ஏறிப் படர்ந்தபோது பவளம் மூச்சுத் திணறிச் செத்தது. பாசி அதே பாசிதான், இருந்த இடம் மாறியது. பெருங்குடலின் உள்சுவரில் வழுவழுவென்று ஒரு பூச்சு இருக்கிறது, இரண்டு அடுக்கு. மேலடுக்கில் பாக்டீரியா புரளும், சுவரை ஒட்டிய உள்ளடுக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. அல்சரேடிவ் கோலைடிஸில் அந்தப் பூச்சு மெலிந்து போகிறது, பாக்டீரியா சுவரைத் தொடுகிற தூரத்துக்கு வந்துவிடுகிறது. அங்கேதான் சண்டை.

இன்னொன்றும் நடக்கிறது. நோய் இருப்பவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்து போகின்றன. முக்கியமாக, நாம் தின்கிற நார்ச்சத்தைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்று ஒரு பொருளைத் தயாரிக்கிற வகைகள் குறைகின்றன. அந்த பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்குச் சாப்பாடு, அவற்றுக்கு வேண்டிய சக்தியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அதிலிருந்துதான் வருகிறது. அந்த வகைகள் குறைந்தால் சுவர் பட்டினி கிடக்கிறது. அந்த இடத்தை ஈ. கோலை குடும்பத்துப் பாக்டீரியா பிடித்துக்கொள்கின்றன. இதைப் படம் போட்டுக் காட்டித்தான் பவுடர் விற்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, இதை நீங்களே கேட்பீர்கள், ஏனென்றால் கடலுக்கு அடியில் இதைப் பார்த்திருக்கிறீர்கள். செத்த பவளத்தின் மேல் பாசி மூடியிருக்கிறது. பாசி மூடியதால் பவளம் செத்ததா, தண்ணீர் சூடாகிப் பவளம் வெளுத்துச் செத்த பிறகு பாசி வந்து மூடியதா? குருசடையில் பார்த்தது முதலாவது, மற்ற பல இடங்களில் நடந்தது இரண்டாவது. குடலிலும் அப்படித்தான். அழற்சி வந்த குடலில் ஆக்சிஜன் அதிகமாகிறது, அது சாதுவான வகைகளுக்கு ஆகாது, ஈ. கோலைக்கு ஆகும். அதனால் பாக்டீரியா மாறியிருப்பது நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், நோயின் விளைவாகவும் இருக்கலாம், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகிறது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் மாத்திரையின் கதை. இதை நான் என்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்வேன், சொன்ன பிறகு மாத்திரையை விட்டவர்கள் குறைவு.

சல்ஃபாசலசினைக் கண்டுபிடித்தவர் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண் மருத்துவர். சுமார் 80 வருஷத்துக்கு முன்னால். மூட்டு வாதத்துக்குக் கிருமிதான் காரணம் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். அதனால் அவர் இரண்டு மருந்தைச் சேர்த்து ஒன்றாக்கினார், ஒன்று கிருமியைக் கொல்கிற சல்ஃபா, இன்னொன்று வீக்கத்தையும் வலியையும் தணிக்கிற, ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து. கொடுத்துப் பார்த்ததில் மூட்டு வலியோடு கூடவே ரத்தமாகப் போய்க்கொண்டிருந்த கோலைடிஸ்காரர்களுக்கு வயிறு ஆறியது. சரி, கிருமி செத்ததால்தான் ஆறியது என்றே ரொம்ப நாள் நினைத்திருக்கலாம். 1977-ல் ஆக்ஸ்ஃபோர்டில், வங்கதேசத்திலிருந்து போன ஆசாத் கான் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் (மேலே சொன்ன அதே ட்ரூலவ் அதில் ஒருவர்) அந்த மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி கொல்லியான சல்ஃபா பாதியால் பெரிய பலன் இல்லை. அழற்சியைத் தணிக்கிற பாதியால்தான் புண் ஆறியது. அந்தப் பாதியைத்தான் இன்று மெசலமின் என்று தனியாக விற்கிறார்கள்.

கெட்ட கிருமியைக் கொன்றுவிட்டால் ஆறிவிடுமா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு உங்கள் கையில் இருக்கிற மாத்திரையே பதில் சொல்லியிருக்கிறது. ஆற வைப்பது கொல்கிற பாதி இல்லை, சண்டையை அடக்குகிற பாதி.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. சல்ஃபாசலசினை விழுங்கினால் அதில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே அந்த இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டியிருக்கிற முடிச்சை அவிழ்ப்பது யார் தெரியுமா? உங்கள் குடல் பாக்டீரியா. அவை அவிழ்த்தால்தான் மருந்து மருந்தாகிறது, அதுவும் புண் இருக்கிற இடத்திலேயே. நீங்கள் எதை அழிக்கப் பார்க்கிறீர்களோ அதுதான் உங்கள் மாத்திரையை வேலை செய்ய வைக்கிறது. அதனால் மருந்தும் பாக்டீரியாவும் எதிரெதிர் கட்சி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சாகப் போனதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்த மருந்தின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஃபோலிக் ஆசிட் கொடுத்ததும் இதற்காகத்தான், சல்ஃபாசலசின் உடம்பில் ஃபோலிக் ஆசிடைக் குறைக்கும்.

ஆன்டிபயாடிக் பற்றி ஆராய்ச்சி செய்யாமல் இல்லை. உங்கள் நோய்க்குப் பல வகையைப் பல தடவை கொடுத்துப் பார்த்தும் நிலையான பலன் கிடைக்கவில்லை. கிரோன் நோயில் ஆசனவாய்ப் பக்கம் சீழ் கட்டினால் கொடுக்கிறோம், அது வேறு. ஆன்டிபயாடிக்குக்கு நல்லது கெட்டது தெரியாது, வலையில் பெரிய மீனோடு குஞ்சும் மாட்டுகிற மாதிரி பியூட்டிரேட் தயாரிக்கிறவற்றையும் சேர்த்து வாரிவிடும். காலியான இடத்தில் டிஃபிசில் என்ற அந்தக் கிருமி வந்து உட்கார்ந்தால் கோலைடிஸ் மேல் இன்னொரு கோலைடிஸ். அதனால்தான் மலப் பரிசோதனையில் அதைப் பார்க்கச் சொன்னேன், அதனால்தான் மெடிக்கல் மாத்திரை அட்டையைக் கொண்டு போகச் சொன்னேன். மாமியாரைக் கோபிக்காதீர்கள், நம் கரையில் ரத்தபேதி என்றால் முக்கால்வாசி நேரம் அமீபாவோ வேறு தொற்றோதான், அவர்கள் பார்த்தது அதைத்தான். ஆனால் உங்களுக்கு இனிமேல் ரத்தம் பார்த்தால் மெடிக்கல் கடை வழி கிடையாது.

பவுடர். 1917-ல், முதல் உலகப் போரின்போது, கூட இருந்த சிப்பாய்கள் எல்லாம் பேதியில் விழுந்தபோது ஒரு சிப்பாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவன் மலத்திலிருந்து ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மன் மருத்துவர் ஒரு ஈ. கோலையைப் பிரித்தெடுத்தார். (பாருங்கள், ஈ. கோலை என்றாலே கெட்டது என்றும் இல்லை.) அந்த ஒரு வகை, நோய் அடங்கிய பிறகு திரும்பி வராமல் தடுப்பதில் மெசலமினுக்குக் கிட்டத்தட்ட சமமாக நின்றது. எட்டு வகை பாக்டீரியா சேர்ந்த ஒரு கலவையும் லேசான, நடுத்தரக் கோலைடிஸில் உதவியிருக்கிறது, நம் நாட்டிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அதில் பெரும்பாலும் வழக்கமான மாத்திரையை நிறுத்தாமல் கூடவே கொடுத்தார்கள், ஒரு வேளைக்கு லட்சம் கோடிக் கணக்கில் பாக்டீரியா. ஒரு வகைக்குக் கிடைத்த பலன் இன்னொரு வகைக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஒரே பெயருள்ள பாக்டீரியாவிலேயே கிளைக்குக் கிளை குணம் மாறும். உங்கள் டப்பாவில் எந்த வகை, எத்தனை கோடி, என்று வரைக்கும் உயிரோடு இருக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம்மூர் வெயிலில், கூரியரில் நாலு நாள் கிடந்து வந்த பவுடரில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதையும் யோசியுங்கள். அந்த 2,800 ரூபாயை நிறுத்துங்கள். மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் பஸ்ஸுக்கும் அது போதும்.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பிப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய நாலு மாத்திரையே இப்போது போதாமல் போகலாம், ரத்தம் போகிற நேரத்துக்கு அளவு வேறு. இடது பக்கம் மட்டும் நோய் இருப்பவர்களுக்கு மெசலமின் எனிமாவோ, ஆசனவாய் வழியாக வைக்கிற மாத்திரையோ சேர்த்துக் கொடுத்தால், வாய் வழி மாத்திரை மட்டும் கொடுப்பதைவிடச் சீக்கிரம் அடங்கும். இதைச் சொன்னால் நம் பெண்கள் பலர் தலையைக் குனிந்துகொண்டு வேண்டாம் என்கிறார்கள், வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கூச்சப்படாதீர்கள் தங்கச்சி. ராத்திரி படுக்கும்போது இடது பக்கம் சாய்ந்து படுத்துப் போட்டுக்கொண்டால் காலைக்குள் வேலை முடிந்துவிடும், வீட்டில் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. ஸ்டீராய்டு தேவைப்பட்டால் அவர்கள் சொன்ன நாளுக்கு, சொன்ன அளவில் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள், நீங்களாக நடுவில் விடக்கூடாது.

மல மாற்று வைத்தியம் நிஜம்தான். சீனாவில் நாலாம் நூற்றாண்டிலேயே கடுமையான பேதிக்கு இதைக் கரைத்துக் கொடுத்ததாக எழுத்து இருக்கிறது. 1958-ல் அமெரிக்காவில் டென்வரில் அறுவை மருத்துவர்கள் எனிமாவாகக் கொடுத்து, ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வந்த கொடிய கோலைடிஸிலிருந்து நாலு பேரைக் காப்பாற்றினார்கள். திரும்பத் திரும்ப வருகிற டிஃபிசில் தொற்றுக்கு இது அருமையான வைத்தியம் என்பதில் இன்று சந்தேகமே இல்லை. அல்சரேடிவ் கோலைடிஸில் பலன் அந்த அளவுக்கு இல்லை. 2017-ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஆய்வில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் அடங்கியது, போலி வைத்தியம் பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022-ல் இதோடு அழற்சியைக் குறைக்கும் உணவுமுறையையும் சேர்த்துக் கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். நம்பிக்கை தருகிற விஷயம், ஆனால் இன்னும் ஆராய்ச்சி நிலை. 2019-ல் அமெரிக்காவில் சரியாகச் சோதிக்காத மலத்திலிருந்து மருந்துக்கு அடங்காத கிருமி ஏறி ஒருவர் இறந்தே போனார். வீட்டிலேயே தங்கச்சியோ அண்ணனோ கொடுத்ததை வைத்து இதைச் செய்யலாம் என்று வீடியோ வந்தால் தயவுசெய்து செய்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம், இங்கேதான் நீங்கள் உங்கள் பாக்டீரியாவுக்கு நிஜமாகவே ஏதாவது செய்ய முடியும். பழைய சோறு சாப்பிடலாம். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் தயிரில் இருக்கிற வகையைச் சேர்ந்த பாக்டீரியா வளர்கிறது, அதைவிட முக்கியம், ஆறிய சோற்றில் ஒரு பகுதி மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கி, அங்கே பியூட்டிரேட் ஆகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அரசு நிதியோடு குடல் அழற்சிக்காரர்களுக்குப் பழைய சோறு கொடுத்து ஆய்வு செய்ய எடுத்திருக்கிறார்கள், எனக்கு அதில் ரொம்ப ஆர்வம் உண்டு. ஆனால் அது சாப்பாடு, மாத்திரைக்குப் பதில் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: ஊற்றுகிற தண்ணீர். லாரியில் வந்து குடத்தில் மூன்று நாள் நின்ற தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள். ஒரு ராத்திரிக்கு மேல் வைக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து ஏதாவது ஆரம்பித்தால் இதைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ரத்தம் போகிற நாளில் குழைந்த சோறு, இட்லி, மோர் ஒத்துக்கொண்டால் மோர், காரம் குறைத்து வைத்த மீன் குழம்பு, அவித்த மீன், முட்டை. வயிறு போகிறதே என்று பட்டினி கிடக்காதீர்கள், ரத்தமும் புரதமும் போய்க்கொண்டிருக்கிற உடம்பு அது. முண்டு மிளகாய் இந்த நோயை உண்டாக்காது, ஆனால் புண் இருக்கிறபோது எரிச்சலும் போக்கும் கூடும், அடங்கிய பிறகு அளவாகச் சேர்த்துக்கொள்ளலாம். கருவாடும் அப்படியே. அடங்கிய பிறகு கீரை, வாழைப்பழம், பாசிப்பயறு, பனங்கிழங்கு என்று ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், அதுதான் நல்ல வகைகளுக்குத் தீனி. பாக்கெட்டில் வருகிற ஐஸ்கிரீம், வாசனைப் பால் போன்றவற்றைக் குறைக்கலாம். தெப்பப் பாசியிலிருந்து எடுக்கிற கராஜீனனை அவற்றில் கெட்டியாக்கச் சேர்ப்பது வழக்கம். நோய் அடங்கியிருந்த பன்னிரண்டு பேரை மட்டும் வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வில், கராஜீனன் சாப்பிட்ட ஐந்து பேரில் மூவருக்கு நோய் திரும்பியது, சாப்பிடாத ஏழு பேரில் யாருக்கும் திரும்பவில்லை. பன்னிரண்டு பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் விட்டால் நஷ்டமில்லாத சாமான்கள் அவை. நீங்கள் பாசியைத் தொடுவதாலோ தண்ணீரில் முங்குவதாலோ ஒன்றும் ஆகாது.

வேலையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். தீவுக்குப் போகிற நாளில் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறீர்களா? உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிற பெண்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், அங்கே ஒதுங்க இடமில்லை, படகில் ஆண்கள் இருக்கிறார்கள் என்று. ரத்தம் போகிற இந்த நாட்களில் வெயிலில் அப்படி இருந்தால் மயங்கி விழுவீர்கள், தண்ணீருக்குள் மயங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடங்குகிற வரைக்கும் கடலுக்குப் போகாதீர்கள், உப்புச் சர்க்கரைக் கரைசலை வீட்டில் கரைத்து வைத்துக் குடித்துக்கொண்டே இருங்கள். அப்புறம், முங்கி முங்கித் தலைவலி, இடுப்பு வலி என்று டைக்ளோஃபெனாக் மாத்திரையோ ஊசியோ போடுகிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள். அந்த வகை வலி மாத்திரைகள் அடங்கிக் கிடக்கிற கோலைடிஸைக் கிளப்பிவிடக் கூடியவை. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

மகளுக்கு இது ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடுங்கள், பக்கத்தில் போட்டுப் படுக்க வையுங்கள், எதற்கும் தள்ளி வைக்காதீர்கள். பரம்பரைப் பங்கு கொஞ்சம் உண்டு, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒருவருக்கு மட்டும் இருந்தால் நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றைந்துக்கு மேல் வராமலேயே இருந்துவிடுகிறார்கள். அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிற இரட்டையர்களிலேயே ஒருவருக்கு அல்சரேடிவ் கோலைடிஸ் இருந்தால் இன்னொருவருக்கு வருவது ஏழில் ஒன்று என்கிற அளவுதான். அவளுக்காக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சளி, காய்ச்சல் என்று ஒவ்வொரு தடவையும் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுக்காமல் இருப்பது. சின்ன வயதில் ஆன்டிபயாடிக் அதிகம் எடுத்தவர்களிடம் இந்த நோய் கூடுதலாக வருவதைப் பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் கொடுங்கள், முழுசாகக் கொடுங்கள்.

அடங்கிய பிறகும் மாத்திரை தொடரும், அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் நின்றதும் புண் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. மலத்தில் கால்புரொடெக்டின் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, டியூப் விடாமலேயே உள்ளே அழற்சி இருக்கிறதா என்று காட்டும். 50-க்குக் கீழே என்றால் நிம்மதி, 250-ஐத் தாண்டினால் உள்ளே இன்னும் புகைகிறது. நோய் ஆரம்பித்து எட்டு வருஷம் ஆனதும் ஒரு கொலனோஸ்கோபி செய்து புற்று ஏதும் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும், உங்களுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கிறது, நாட்காட்டியில் எழுதி வைத்தால் போதும், இப்போது கவலை வேண்டாம்.

முதலில் ராமநாதபுரம் போய் வாருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, மலத்தில் டிஃபிசில் இருந்ததா இல்லையா, மாத்திரையை எத்தனையாகக் கூட்டினார்கள், இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள், அடுத்ததை அப்புறம் பார்ப்போம்.